கிருமியின் கொழுப்பு நொதியை முடக்கினால் கிருமி சாகுமா?

உங்கள் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறாள். பாக்டீரியாவின் சவ்வுக் கொழுப்பைச் செய்யும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் பற்றி புராஜெக்ட் எடுத்திருக்கிறாள். அவள் அதை விளக்கியபோது நீங்கள் ஒரு சந்தேகம் கேட்டீர்கள், அவளால் பதில் சொல்ல முடியவில்லை: "நம் ரத்தத்திலேயே இவ்வளவு கொழுப்பு ஓடுகிறதே, கிருமி அதை எடுத்துக்கொண்டு பிழைத்துவிடாதா? அப்புறம் அந்த நொதியைத் தடுத்து என்ன பயன்?" கூடவே, வீட்டில் இருக்கும், டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி கலந்த சோப்பை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அறிவியல் படிக்காதவன் கேட்கும் கேள்வி என்று நீங்களே எழுதியிருந்தாலும், இந்தத் துறையில் இருப்பவர்கள் 2009இலிருந்து விவாதித்துவரும் கேள்வி இதுதான். பதில் கிருமிக்குக் கிருமி மாறுகிறது. அது ஏன் மாறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் இங்கே சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிருமிச் சவ்வுகளின் கொழுப்பைப் பிரித்தெடுத்து அளக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். மருத்துவன் இல்லை. ஆகவே நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்ற பக்கம் நான் போக மாட்டேன்.

முதலில் அந்தக் கொழுப்பு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். நம் குடலில் வாழும் ஈ.கோலையை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை மிகத் தெளிவாகத் தெரிந்தது அதில்தான். அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் துண்டை ஒரு நொதி மேலோனைல் கோ-ஏ ஆக்குகிறது. ஃபேப்-டி என்ற நொதி அதை ஏசிபி என்ற சின்னப் புரதத்தின் நுனியில் ஏற்றிவிடுகிறது. அதன் பிறகு ஃபேப்-ஹெச் சங்கிலியைத் தொடங்கி வைக்கும், ஃபேப்-பி, ஃபேப்-எஃப் இரண்டும் சுற்றுக்கு இரண்டு கார்பனாக நீட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் ஃபேப்-ஜி, ஃபேப்-இசட், ஃபேப்-ஐ மூன்றும் வரிசையாக வந்து சங்கிலியைச் சீராக்குகின்றன. சுற்றின் கடைசி வேலை ஃபேப்-ஐயுடையது. பதினாறு, பதினெட்டு கார்பன் வந்ததும் பிஎல்எஸ்-பி, பிஎல்எஸ்-சி என்ற இரண்டு நொதிகள் இரண்டு சங்கிலிகளை ஒரு கிளிசரால் பாஸ்பேட்டில் பொருத்துகின்றன. அதன் தலையில் எந்தத் துண்டு ஒட்டுகிறதோ அதைப் பொறுத்து பாஸ்பாடிடைல் எத்தனாலமைன், பாஸ்பாடிடைல் கிளிசரால், கார்டியோலிபின் என்று பெயர் மாறும். ஈ.கோலையில் இவை ஏறத்தாழ 75, 20, 5 சதவீதம்.

ஏட்டில் வெறும் பெயராக இருப்பதை உங்கள் மகள் கண்ணாலேயே பார்க்கலாம். கிருமியைக் குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் போட்டுக் கொழுப்பைப் பிரித்து, சிலிக்கா பூசிய தட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறும்போது ஒவ்வொரு கொழுப்பும் ஒவ்வோர் உயரத்தில் நின்றுவிடும். மாலிப்டினம் நீலம் தெளித்தால் பாஸ்பேட் உள்ள எல்லாப் புள்ளிகளும் நீலமாகத் தெரியும். இன்னொரு தட்டில் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினால் எத்தனாலமைன் புள்ளி மட்டும் ஊதாவாகும், மற்ற இரண்டும் நிறமே காட்டாது. ஒரு நொதி வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்பதை இந்தப் புள்ளிகளின் அளவை வைத்தே ஓரளவு சொல்லிவிட முடியும். எல்லாவற்றையும் கண்ணாடிக் குழாயில்தான் செய்ய வேண்டும். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கில் இருக்கும் பொருள்களைக் கரைத்துக்கொண்டு வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்த நொதிகள்மேல் மருந்துக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? நம் உடலும் கொழுப்பு அமிலம் செய்கிறது. ஆனால் நம் செல்லில் அந்த வேலைகள் எல்லாம் ஒரே பெரிய புரதத்துக்குள் நடக்கின்றன. கிருமியில் ஒவ்வொரு வேலைக்கும் தனி நொதி, தனி உருவம். அதனால் நம்மைத் தொடாமல் அதை மட்டும் அடிக்க வாய்ப்பு அதிகம். (நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் கிருமியைப் போன்ற தனி நொதி ஏற்பாடு ஒன்று உண்டு. ஆகவே ஆபத்தே இல்லை என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை.) 2006இல் தென்னாப்பிரிக்க மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிருமியிலிருந்து பிளாட்டென்சிமைசின் என்ற பொருளைப் பிரித்து, அது ஃபேப்-எஃப் நொதியைத் தடுக்கிறது என்று மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்தபோது, இந்தத் துறையே உற்சாகத்தில் மிதந்தது.

மூன்றே வருடத்தில் உங்கள் கேள்வி வந்து நின்றது. 2009இல் ஒரு பிரெஞ்சுக் குழு, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் இந்தக் கொழுப்பு நொதிகளின் மரபணுக்களை நீக்கிப் பார்த்தது. மனித ரத்தச் சீரம் இருந்தால் போதும், அந்தக் கிருமி எந்தக் கவலையும் இல்லாமல் வளர்ந்தது, எலிகளிடம் நோயையும் உண்டாக்கியது. கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு, அதாவது வெளியே இரண்டாவது சவ்வு இல்லாத கிருமிகளுக்கு, இந்த நொதிகள் மருந்துக்கு ஏற்ற இலக்கே அல்ல என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். இந்தக் கிருமியைச் சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரியும். 2015இல் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்ட பலருக்கு, ஆரோக்கியமாக இருந்தவர்களுக்குக்கூட, கடும் தொற்று வந்ததே, அது இதே பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஒரு வகைதான். அந்த ஆண்டு டிசம்பரில்தான் உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறுவது தடைசெய்யப்பட்டது. (பிரெஞ்சுக் குழு ஆராய்ந்தது அந்த வகை இல்லை. அதன் சொந்தக்கார வகை.)

ஆக, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பொறுத்தவரை நீங்கள் நினைத்தது சரி. அது ஏன் என்பதும் தெரிந்துவிட்டது. கொழுப்பு அமிலம் செய்வது கிருமிக்குச் செலவு பிடித்த வேலை. தேக்கா சந்தையில் தோசை மாவு கிடைக்கும்போது வீட்டில் ஊறவைத்து ஆட்டுவானேன் என்ற கணக்குதான். இதே இனத்தைச் சேர்ந்த நிமோனியாக் கிருமியில் இதை நொதி நொதியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கொழுப்பு அமிலம் வந்து ஏசிபியில் ஏறியதுமே, அது மேலோனைல் கோ-ஏ செய்யும் முதல் நொதியைப் போய் அடக்கிவிடுகிறது. கிருமி தன் சொந்தத் தயாரிப்பைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஏற்கெனவே நிறுத்திவைத்திருக்கும் வேலையை நாம் மருந்து போட்டுத் தடுத்து ஆகப் போவது ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த 2009 கட்டுரை எல்லா கிராம் பாசிட்டிவ் கிருமிகளையும் ஒரே கூடையில் போட்டதுதான் பிரச்சினை. அடுத்த ஆண்டே இன்னொரு குழு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் காட்டி மறுத்தது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல் மருத்துவமனைகளைப் பாடாய்ப் படுத்தும் எம்ஆர்எஸ்ஏ இதன் வகைதான். இதுவும் நம் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். ஃபேக்-ஏ, ஃபேக்-பி என்ற இரண்டு புரதங்கள் வெளியிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றி உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு மூலக்கூறில் இரண்டு சங்கிலி வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? முதல் இடத்தில் நம் உடலில் உள்ள ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை வைத்துக்கொள்ள இதற்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவது இடத்தில் பொருத்தும் பிஎல்எஸ்-சி நொதி அப்படி இல்லை. அது நுனிக்குச் சற்று முன்னால் கிளை விட்ட, பதினைந்து கார்பன் கொண்ட ஒரு சங்கிலியைத்தான் விரும்பி எடுக்கும். அந்தச் சங்கிலியை ஐசோலூசின் அமினோ அமிலத்தை வைத்துக் கிருமியே செய்துகொள்கிறது, நம் ரத்தத்தில் அது கொட்டிக் கிடப்பதில்லை. அதனால் வெளியே எவ்வளவு கொழுப்பு இருந்தாலும் பாதிச் சங்கிலிகளுக்கு அது தன் சொந்த நொதிகளையே நம்பியிருக்கிறது. முதல் நொதியும் இதில் அடங்கிப் போவதில்லை. இந்த நம்பிக்கையில்தான் ஆரியஸின் ஃபேப்-ஐயை மட்டும் குறிவைக்கும் அஃபாபிசின் என்ற மருந்து மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை போனது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பிரெஞ்சுக் குழுவினர் விடவில்லை. ஆரியஸிலும் ஃபேப்-டி நொதியில் சின்ன மாற்றம் வந்தால் அது மருந்தைத் தாண்டி வெளிக் கொழுப்பிலேயே வாழ்ந்துவிடுகிறது என்று 2016இல் காட்டினார்கள். பிறகு, சீரத்தில் போதுமான நேரம் விட்டுவைத்தால் மரபணு மாற்றமே இல்லாமலும் தகவமைத்துக்கொள்கிறது என்றார்கள். எதிர்த் தரப்பு, அது ஆய்வுக்கூட நிலைமைக்குப் பொருந்தும், நோயாளியின் உடலில் கிருமிக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது என்கிறது. என் கருத்தைக் கேட்டால், தோல் தொற்று போன்ற சீக்கிரம் முடியும் சிகிச்சையில் இந்த மருந்துகள் உதவும், எலும்புத் தொற்று மாதிரி மாதக்கணக்கில் இழுக்கும் இடத்தில் துணைக்கு இன்னொரு மருந்து இல்லாமல் இறங்குவது துணிச்சல். இது என் ஊகம்தான், நிரூபணம் இல்லை.

கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வந்தால் உங்கள் சந்தேகம் வலுவிழந்துவிடும். ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதன் வெளிப்பக்கம் லிப்பிட்-ஏ என்ற பொருளால் ஆனது. அதற்கு மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சில் உள்ள, பதினான்கு கார்பன் கொண்ட அமிலம் வேண்டும். அதுவும் ஏசிபியின் நுனியில் ஏறிய நிலையில் வேண்டும். இதை நம் ரத்தத்திலிருந்து எடுத்து ஒப்பேற்ற முடியாது. சவ்வின் மற்ற கொழுப்புக்கு வெளியே வழி கிடைத்தாலும், இதற்காகவே கிருமி தன் கொழுப்பு நொதிகளை ஓட்டியாக வேண்டும்.

இங்கே ஓர் அழகான இழுபறி நடக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது. அந்த ஹைட்ராக்சி அமிலம் உருவானதும் இரண்டு பாதைகள் அதற்காகப் போட்டி போடுகின்றன. ஃபேப்-இசட் பிடித்தால் அது சாதாரண சவ்வுக் கொழுப்பாகப் போகும். எல்பிஎக்ஸ்-ஏ பிடித்து, அடுத்து எல்பிஎக்ஸ்-சி என்ற துத்தநாக நொதியிடம் கொடுத்தால் லிப்பிட்-ஏ ஆகும். எல்பிஎக்ஸ்-சியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. அதனால் கிருமி அந்த ஒரு நொதியின் அளவை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. எஃப்டிஎஸ்-ஹெச் என்ற புரதச் சிதைப்பான் தேவைக்கு மேல் இருக்கும் எல்பிஎக்ஸ்-சியை உடனுக்குடன் வெட்டிப் போடுகிறது. அந்தச் சிதைப்பான் இல்லாமல் போனால் லிப்பிட்-ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து கிருமி செத்துவிடும். ஆனால் அப்போது ஃபேப்-இசட்டின் ஒரு மாறிய வடிவம் இருந்தால், அது ஹைட்ராக்சி அமிலத்தை மறுபக்கம் இழுத்து உயிரைக் காப்பாற்றிவிடுகிறது. குறைந்தாலும் சாவு, கூடினாலும் சாவு. இவ்வளவு மெல்லிய சமநிலையில் நிற்கும் நொதி நல்ல இலக்காகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எல்பிஎக்ஸ்-சியைத் தடுக்கும் ஒரு மருந்து முதன்முறையாக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டபோது, ஊசி போட்ட இடத்தில் வந்த அழற்சியால் நிறுத்தப்பட்டது. இலக்கு சரியாக இருந்தும் மருந்து தோற்கலாம். இன்னொரு விதிவிலக்கும் உண்டு: அசினெட்டோபாக்டர் பௌமானி என்ற மருத்துவமனைக் கிருமியின் சில வகைகள் லிப்பிட்-ஏ செய்வதையே விட்டுவிட்டு உயிர் வாழ்கின்றன.

உங்கள் சந்தேகத்துக்கு மிகத் தெளிவான மறுப்பு காசநோய் மருந்துதான். ஐசோனியசிட் 1952இலிருந்து காசநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. இங்கே பலதுறை மருந்தகங்களில் தாதியர் முன்னிலையில் நோயாளிகள் விழுங்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. அது எந்த நொதியைத் தடுக்கிறது என்று தெரியவந்தது 1994இல். இன்ஹெச்-ஏ, அதாவது மேலே சொன்ன ஃபேப்-ஐயின் காசநோய்க் கிருமி வடிவம். இந்தக் கிருமியின் மேலுறையில் மைக்காலிக் அமிலம் என்று 60 முதல் 90 கார்பன் வரை நீளும் பிரம்மாண்டமான சங்கிலிகள் இருக்கின்றன. மனித உடலில் எங்கே தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் இந்தக் கிருமியை வளர்க்கும் தட்டில் ஓலியிக் அமிலத்தை நாங்களே சேர்க்கிறோம். கொழுப்பு பக்கத்திலேயே இருந்தும், மருந்துக்கு வசப்படும் கிருமி ஐசோனியசிட் பட்டால் சாகிறது. வெளியே கொழுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, கிருமிக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட கொழுப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, மகள் புராஜெக்டில் கட்டாயம் சேர்க்கலாம். ஐசோனியசிட் தானாக வேலை செய்யாது. கிருமியின் உள்ளே இருக்கும் கேட்-ஜி என்ற நொதிதான் அதைத் தூண்டிவிட வேண்டும். கேட்-ஜியில் கோளாறு வந்தால் இன்ஹெச்-ஏ பழையபடியே இருந்தாலும் மருந்து பலிக்காது, எதிர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் இயங்கிவந்த நோவார்ட்டிஸ் வெப்பமண்டல நோய் ஆய்வு நிலையத்தினர், கேட்-ஜியின் தயவு இல்லாமல் நேரே இன்ஹெச்-ஏயைத் தடுக்கும் பொருள்களை 2015இல் வெளியிட்டார்கள். இன்னொரு காசநோய் மருந்தான பைரசினமைடு கொழுப்பு நொதியைத் தடுக்கிறது என்று பழைய பாடநூல்களில் இருக்கும், மகள் அதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். கோ-ஏ தயாரிப்பில் வரும் பான்-டி என்ற நொதிதான் இலக்கு என்பதற்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது. அதிலும் சிங்கப்பூர் ஆய்வாளர்களின் கை உண்டு.

தலைப் பகுதியைச் செய்யும் நொதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவை இலக்காக அவ்வளவு சோபிக்கவில்லை. ஈ.கோலையில் கார்டியோலிபின் செய்யும் மூன்று நொதிகளையும் நீக்கினாலும் அது வளர்கிறது. 75 சதவீதம் இருக்கும் எத்தனாலமைன் கொழுப்பே இல்லாமல்கூட, மெக்னீசியம் நிறையக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது. இந்த நொதிகள் முக்கியமாவது வேறு இடத்தில். ஆரியஸின் எம்பிஆர்-எஃப் நொதி கிளிசரால் கொழுப்பின் தலையில் லைசினை ஒட்டிச் சவ்வின் எதிர்மின்னூட்டத்தைக் குறைக்கிறது. அந்த நொதியில் மாற்றம் வந்த கிருமிகளை டாப்டோமைசின் மருந்தால் எளிதில் கொல்ல முடிவதில்லை. மின்னூட்டம் மருந்தைத் தள்ளிவிடுவதுதான் காரணம் என்று எளிமையாக எழுதிவிடுகிறார்கள், ஆனால் அது மட்டும் போதாது என்று காட்டும் அளவீடுகளும் இருக்கின்றன. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, சோப்புக்கு வருவோம். டிரைக்ளோசான் கிருமியின் சவ்வை எல்லா இடத்திலும் சும்மா கிழித்துப் போடும் பொருள் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1998இல்தான் அது ஃபேப்-ஐ நொதியைக் குறிவைத்துத் தடுக்கிறது என்று தெரிந்தது. குறி ஒன்று என்றால் தப்பிக்கும் வழியும் உண்டு. நிமோனியாக் கிருமியில் ஃபேப்-ஐயின் வேலையை முற்றிலும் வேறு உருவமுள்ள ஃபேப்-கே செய்கிறது, சூடோமோனாஸில் ஃபேப்-வி என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் டிரைக்ளோசான் ஒன்றும் செய்வதில்லை. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை வீட்டு உபயோகக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வீட்டில் இருப்பதைப் பதறித் தூக்கிப்போட வேண்டியதில்லை, தீர்ந்தபின் சாதாரண சோப்பு வாங்குங்கள். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

மகளுக்கு ஒரு யோசனை. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் கிருமியை எதில் வளர்த்தார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பே இல்லாத வளர்ப்புநீரில் மருந்து பிரமாதமாகத் தெரியும், சீரம் சேர்த்தால் சில கிருமிகளில் அந்தப் பலன் காணாமல் போகும். லாக்டோபேசில்லஸுக்கான எம்ஆர்எஸ் வளர்ப்புநீரில் டுவீன் 80 சேர்ப்பதே அதில் உள்ள ஓலியிக் அமிலத்துக்காகத்தான். கல்லூரியில் ஆபத்தில்லாத அந்தக் கிருமியை வைத்து, டுவீன் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என்று இரண்டு குழாய்களில், கொழுப்பு நொதியைத் தடுக்கும் செருலெனின் போட்டு வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மருந்தே போடாத குழாய் இரண்டிலும் ஒவ்வொன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டுவீன் தானாகவே வளர்ச்சியைக் கூட்டியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளோரோஃபார்ம் வேலை எதுவாக இருந்தாலும் புகைபோக்கிப் பெட்டிக்குள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.